கடை பெரிதானால் கடமை சிறிதாகுமா?

தொழுகையின் ஃபர்ளுகள் எத்தனை என்று கேட்டால் நம்மவர்களில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஒளுவை முறிக்கும் காரியங்கள் எவையெவை என்றாலும் சொல்வார்கள். ஆனால், "விலை கொடுத்து வாங்கிய பொருளில் குறை தென்பட்டால் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். "அது கடைக்காரர் சமாச்சாரம், அதில் மார்க்கம் எங்கே வந்தது?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

ஷாஃபிஈ ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டினால் உண்மை விளங்கும். தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய வணக்கங்களின் பாடங்கள் முடிந்ததும் அடுத்து வருவது கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடமே. அரஃபா மைதானத்திலிருந்து திரும்பி வருபவர் அடுத்தபடியாகக் கால் வைப்பது கடைத்தெருவில்! அங்கே அவருடைய தொழுகையும் ஹஜ்ஜும் அவரை எப்படிப்பட்ட மனிதராக ஆக்கியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

அண்மையில் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனெனில் தவறு கடைக்காரர் தரப்பில் மட்டுமல்ல. நம் தரப்பிலும் இருந்தது.

ஊருக்கு ஊர் கிளைகள் கொண்ட பெரியதொரு கடையில் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினோம். வாசலில் நின்றவர் புன்னகையோடு வரவேற்றார். உள்ளே நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள்" என்று ஓடியோடி எடுத்துக் காட்டினார்கள். பணத்தைக் கட்டினோம், பெட்டி கைக்கு வந்தது. மூன்றாம் நாள் தேங்காய் அரைக்கும்போது புகை கிளம்பி மிக்ஸி நின்றுபோயிற்று.

நான்காம் நாள் லுஹர் தொழுத கையோடு பில்லும் பெட்டியுமாகக் கடைக்குச் சென்றோம். கீழே கேட்டால், "இரண்டாம் மாடிக்குப் போங்கள்" என்றார்கள். இரண்டாம் மாடியில், "பில் போட்ட இடத்தில் கேளுங்கள்" என்றார்கள். பில் போட்ட இடத்தில், "விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்" என்றார்கள். மேனேஜரைப் பார்க்கவேண்டும் என்றோம். அவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓர் அட்டையைக் கொடுத்து, "இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்றார்கள். செய்தோம். இன்னதற்கு ஒன்றை அழுத்து, இன்னதற்கு இரண்டை அழுத்து என்று இயந்திரம் பேசிற்று. மனிதர் எவரும் பேசவில்லை. அதற்குள் அஸர் பாங்கு சொல்லி நெடுநேரமாகிவிட்டது.

'வாடிக்கையாளர் சேவை' என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தார். நம் கோபம் முழுவதும் அந்தப் பெண்மீது இறங்கியது. "பதில் சொல்லத் தெரியாத உங்களுக்கெல்லாம் எதற்குச் சம்பளம்?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில் கேட்டுவிட்டோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே மெல்லிய குரலில் சொன்னார்: "பாய், மாத்திக் குடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல. இங்க நின்னு எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கறதுதான் என் வேலை. காலையில ஒன்பதரைக்கு நின்னேன். இன்னும் உக்காரல."

அப்போதுதான் பார்த்தோம். அந்த மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லை.

அந்தப் பெண்ணின் பேச்சில் பெரியதொரு கேள்வி அடங்கியிருந்தது. குறையுள்ள பொருளை விற்றவர் யார்? அலைக்கழித்தவர் யார்? நாளை மறுமையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கீழ்த்தளத்தில் இருந்தவரா, மேல்மாடியில் இருந்தவரா, மீட்டிங்கில் இருந்தவரா, அல்லது வேறு ஏதோ ஊரில் இருக்கும் முதலாளியா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினால் கடமை யார் தலையில் போய் நிற்கும்?

முற்காலத்துக் கடையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார். துணியில் ஓட்டை என்றால் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டலாம். அவரும் அதே தெருவில் குடியிருப்பவர்; அதே பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு வருபவர். ஏமாற்றியவர்கள் அந்நாளிலும் உண்டு. ஆனால் ஏமாற்றியவருக்கு ஒரு முகம் இருந்தது. இன்றைய பெருங்கடைக்குப் பெயர் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, நூறு கிளைகள் இருக்கின்றன. முறையிடுவதற்கு ஒரு முகம் மட்டும் இல்லை!

சரி, முறையிட வருபவரை எப்படி நடத்தவேண்டும்? இதற்கு நம் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. அவர்கள் ஒருவருக்கு ஓர் ஒட்டகம் தரவேண்டியிருந்தது. அம்மனிதர் வந்து கடுமையான வார்த்தைகளால் கேட்டார். ஸஹாபாப் பெருமக்கள் வெகுண்டெழுந்தனர். நாயகம் (ஸல்) அவர்களோ, அவரை விட்டுவிடுமாறும், உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்றும் கூறித் தோழர்களைத் தடுத்தார்கள். அவருக்குரிய வயதில் ஒட்டகம் தேடியபோது, அதைவிட உயர்ந்ததுதான் கிடைத்தது. அதையே கொடுத்துவிடச் செய்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி புகாரி ஷரீஃபில் இடம்பெற்றிருக்கிறது.

சற்றே சிந்தியுங்கள்! கேட்டவரின் குரல் கடுமையாக இருந்தது என்பதற்காக அவருடைய உரிமை குறைந்துவிடவில்லை. அவருக்கும் தமக்கும் நடுவே ஆள் நிறுத்திப் பெருமானார் அவர்கள் தம்மை மறைத்துக்கொள்ளவும் இல்லை. தாமே கேட்டார்கள், தாமே தீர்த்துவைத்தார்கள்.

விற்கும்வரை மலர்ந்திருக்கும் முகம், குறை சொல்ல வந்தால் சுருங்கிப்போவது ஏன்? பெரிய தொகைக்கு வாங்குபவருக்கு நாற்காலியும் குளிர்பானமும், சின்னப் பொருளைத் திருப்ப வந்தவருக்கு நின்ற இடத்தில் அலட்சியமும் ஏன்? திருமறையின் 80-வது அத்தியாயம் இறங்கிய வரலாற்றை நாம் அறிவோம். குறைஷித் தலைவர்கள் நேர்வழிக்கு வரமாட்டார்களா என்ற ஆவலில் பெருமானார் அவர்கள் அவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து குறுக்கிட்டார்கள். முகம் சுளித்தது அவருக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. எனினும் அல்லாஹு தஆலா அதைக் கண்டித்து வசனம் இறக்கினான். நோக்கம் உயர்வானதாக இருந்தும், எளியவரிடமிருந்து திரும்பிய முகத்துக்கு வானத்திலிருந்து கேள்வி வந்தது என்றால், லாபத்தை மட்டுமே நோக்கமாகக் கொண்டு சுளிக்கப்படும் முகங்கள் எம்மாத்திரம்!

இனி, பொருளின் குறைக்கு வருவோம். பொருள் கை மாறுமுன்பே அதில் இருந்த குறை பின்னர் தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனைக் 'கியாருல் ஐப்' என்று ஃபுகஹாக்கள் அழைக்கிறார்கள். வாங்கியவர் ஒப்பந்தம் செய்தது விற்றவரோடுதானே தவிர, எங்கோ அதைத் தயாரித்த கம்பெனியோடு அல்ல. கம்பெனி தரும் உத்தரவாதம் கூடுதலான ஒரு வசதி; அது விற்றவரின் பொறுப்பை அழித்துவிடாது. மேலும், குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்பவேண்டும், தெரிந்த பிறகும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வாங்கியவர் விரைந்து வரவேண்டும் என்று மார்க்கம் சொல்லும்போது, விரைந்து வந்தவரை மாடிக்கு மாடி அலையவிடுவது எவ்வகையில் நியாயம்?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறோமே என்பார்கள் சிலர். குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று முன்னரே நிபந்தனை பேசி விற்பது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது விரிவான விஷயம். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு கையில் திணிக்கப்படும் சீட்டில், படிக்க முடியாத பொடி எழுத்தில் இருப்பதை, இருவர் மனமொத்துப் பேசிய நிபந்தனை என்று எப்படிச் சொல்வது? தெரிந்த குறையை மறைத்து விற்பதோ எல்லா மத்ஹபிலும் ஹராமேயாகும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று விற்றவர் சொன்ன சமாதானத்தை ஏற்கவில்லை. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

நாட்டுச் சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகமாகும். பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் இது பொருந்தும். பில் தராமலிருப்பதும் அவ்வாறே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துவது நீதியை மட்டுமே. நீதிக்கு மேலே இஹ்ஸான் என்னும் நன்னயம் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களை விளக்குகையில், நீதியைத் தனியாகவும் இஹ்ஸானைத் தனியாகவும் எழுதுகிறார்கள். அந்த இஹ்ஸானில் ஒன்றுதான் 'இகாலா'. அதாவது, பொருளில் குறையே இல்லாவிட்டாலும், வாங்கியவர் மனம் வருந்தி, "திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால், பெரிய மனதோடு ஏற்றுக்கொள்வது. அப்படி ஏற்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்று அபூதாவூதில் நபிமொழி வந்திருக்கிறது. விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று பலகை மாட்டும் முஸ்லிம் வியாபாரி, எந்த மன்னிப்பின் வாசலைத் தம் கையாலேயே அடைக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்!

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். பொறுப்பு யாருடையது?

ஃபிக்ஹில் வகீல் என்றும் ரசூல் என்றும் இரு சாரார் உண்டு. வகீல் என்பவர் மற்றவர் சார்பில் தாமே ஒப்பந்தம் செய்யும் பிரதிநிதி. ரசூல் என்பவர் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லும் தூதர் மட்டுமே. ஹனஃபி நூல்களின்படி, ஒரு வகீல் தம் பேரில் விற்றால் குறையுள்ள பொருளை அவரிடமே திருப்பலாம். அதை ஏற்பது அவர் பொறுப்பு. தூதருக்கோ அப்பொறுப்பு இல்லை. அது அனுப்பியவரையே சாரும்.

பெருங்கடைகள் தம் சிப்பந்திகளை என்ன செய்து வைத்திருக்கின்றன? விலை குறைக்க அதிகாரமில்லை, மாற்றித் தர அதிகாரமில்லை, வருத்தம் தெரிவிப்பதற்குக்கூடச் சொல்லிக் கொடுத்த வாசகத்தைத் தவிர வேறு வாசகமில்லை. எல்லோரும் வெறும் தூதர்கள்! அப்படியானால் முழுப் பொறுப்பும் அனுப்பியவர் தலையில் அல்லவா ஏறுகிறது? அதிகாரத்தையெல்லாம் தம்மிடம் வைத்துக்கொண்டவர், கடமையை மட்டும் கீழே இருப்பவர் தலையில் இறக்கிவிட முடியாது. "அது நடந்தபோது நான் அங்கே இல்லை" என்பது துனியாவில் செல்லலாம், மறுமையில் செல்லாது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவை பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி கிளைகள் நூறானாலும் மாறப்போவதில்லை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பட்டுத் துணி வியாபாரி. அவர்கள் தம் கூட்டாளியிடம் துணிகளை அனுப்பும்போது, ஒன்றில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் அதைச் சொல்லி விற்கவேண்டும் என்று கூறியிருந்தார்கள். கூட்டாளி மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தத் துணிகளின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறந்தவர் கூட்டாளி, பொறுப்பை ஏற்றவர் இமாம்! "அவரைக் கேளுங்கள்" என்று அவர்கள் கை காட்டவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. மக்களின் காரியங்களுக்குப் பொறுப்பேற்றவர், அவர்களுடைய தேவைக்கும் வறுமைக்கும் எதிரே தம்மை மறைத்துக்கொண்டால், அவருடைய தேவைக்கு எதிரே அல்லாஹ்வும் தன்னை மறைத்துக்கொள்வான் என்ற நபிமொழியை, ஆட்சியிலிருந்த முஆவியா (ரலி) அவர்களிடம் அபூமர்யம் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். உடனே மக்களின் தேவைகளைக் கவனிப்பதற்கென்றே முஆவியா அவர்கள் ஒருவரை நியமித்தார்கள். இது ஆட்சியாளர்களைப் பற்றிய ஹதீஸ் என்பது உண்மையே. ஆனால் ஆயிரக்கணக்கான மக்களிடம் அன்றாடம் பணம் வாங்கும் ஒருவர், தாமும் இயந்திரக் குரலுக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாமா என்று தம்மையே கேட்டுக்கொள்வதற்கு இதில் பாடம் இருக்கிறது. ஆள் நியமித்தால் போதாது. தீர்த்துவைக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்பதையும் சொல்லவா வேண்டும்? சொல்லத்தான் வேண்டியிருந்தது! கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் இதற்காகவே சட்டத்தைத் திருத்தின. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று கட்டளையிட்டன. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது! பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்கமுடியாததை அவர்கள்மீது சுமத்தாதீர்கள் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி பதினான்கு நூற்றாண்டுகளாக நம்மிடம் இருந்துவருகிறதே! பத்து மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, அந்த முகத்தில் புன்னகையையும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? புன்னகை ஸதகா என்பது உண்மைதான். ஆனால் ஸதகா மனமுவந்து கொடுப்பது. கால் கடுக்க நிற்கவைத்துக் கறப்பதன்று.

இதுவரை முதலாளிகளுக்குச் சொன்னோம். வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு உண்டு. விற்கும்போதும், வாங்கும்போதும், தமக்கு வரவேண்டியதைக் கேட்கும்போதும் தாராளமாக நடந்துகொள்பவருக்கு அல்லாஹ் அருள்புரிவானாக என்று பெருமானார் (ஸல்) அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். மூன்றாவதைக் கவனியுங்கள்! உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்று அருளிய அதே நாவிலிருந்துதான், கேட்பதிலும் மென்மை வேண்டும் என்ற போதனையும் வந்தது. பேசலாம், யாரிடம், எப்படி என்பதற்கும் வரம்பு உண்டு. கடன்பட்டவரை விட்டுவிட்டு அவருடைய வாசற்காவலரை ஏசுவது உரிமையைக் கேட்பதாகாது, அது அநீதி. நாம் செய்தது அதைத்தான்.

ஒரு வாரம் கழித்து மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். இம்முறை மேனேஜர் இருந்தார். பில்லைப் பார்த்தார், கையெழுத்திட்டார். ஐந்து நிமிடத்தில் புதிய மிக்ஸி வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை! அதற்குத்தான் அத்தனை அலைச்சல், அத்தனை பேச்சு.

நாம் சென்றது அதற்காக மட்டுமல்ல. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் வேறொரு பெண் நின்றிருந்தார். விசாரித்ததில், முன்பிருந்தவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கிளை என்று சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லையாம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நெஞ்சு கனத்தது. கடை நமக்குத் தரவேண்டிய மிக்ஸியைத் தந்துவிட்டது. நாம் அந்தப் பெண்ணுக்குத் தரவேண்டியதைத் தர வழியில்லாமல் போயிற்று. அடியார்களின் உரிமையை அந்த அடியாரே மன்னிக்கவேண்டும் என்பதை மேடையில் எத்தனை முறை பேசியிருப்போம்! அவர் பிற சமயத்தைச் சார்ந்தவராக இருக்கலாம். அதனால் நம் பொறுப்பு ஓர் இம்மியும் குறையாது. உரியவரைக் காணமுடியாதபோது, இறைவனிடம் பாவமன்னிப்புத் தேடுவதும், அவருடைய நலனுக்காக இறைஞ்சுவதும், இனி அவரைப் போன்றவர்களிடம் கண்ணியமாக நடந்துகொள்வதும் தவிர வேறென்ன செய்ய முடியும்?

கடை நடத்தும் சகோதரர்களே! உங்கள் கடையில் குறை சொல்ல வருபவருக்கு ஒரு முகத்தைக் காட்டுங்கள். அந்த முகத்துக்கு அதிகாரமும் ஓர் இருக்கையும் கொடுங்கள். வாங்கச் செல்லும் சகோதரர்களே! உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தரவேண்டியவரிடம் கேளுங்கள், தரமுடியாதவரை ஏசாதீர்கள். கோபம் வரும்போது ஒரு கணம் அந்த மேசைக்குப் பின்னால் பாருங்கள். அங்கே ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வல்ல நாயன் அல்லாஹு தஆலா, நம் கொடுக்கல் வாங்கலில் நீதியையும் நன்னயத்தையும் தந்தருள்வானாக! நம் நாவால் புண்பட்டு, நாம் தேடியும் காணமுடியாத மனிதர்களின் உள்ளங்களை ஆற்றுவானாக! ஆமீன்.